ஓவியத்தில் தவறு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பிதழில், பணி ஓய்வு பெற்றவர்கள் ஆயில் பெயின்டிங் பழக வேண்டும் என்று ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. மனம் அமைதி பெறும், இரத்த அழுத்தம் குறையும், பேரப்பிள்ளைகளோடு பொழுது போகும் என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். இருக்கட்டும். நடுவில் கட்டம் கட்டி ஒரு வரி: கவலை வேண்டாம், ஓவியத்தில் தவறு என்பதே கிடையாது. அதைப் படித்ததிலிருந்து எனக்கு இரத்த அழுத்தம் ஏறித்தான் கிடக்கிறது.

எனக்கு வயது 62. பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையின் பெயின்ட் ஷாப்பில் 38 ஆண்டு வேலை பார்த்தவன். பெட்டிகள் செங்கல் சிவப்பில் இருந்த காலத்தில் சேர்ந்து, நீலத்தையும் பார்த்து, பிறகு வந்த சாம்பலையும் சிவப்பையும் பார்த்து வெளியே வந்தேன். இப்போது இரண்டரை ஆண்டாக ஓவியம் படிக்கிறேன். படிக்கிறேன் என்றுதான் சொல்கிறேன். வரைகிறேன் என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை.

முதலில் அவசரமான விஷயம். பிரஷ் துடைத்த எண்ணெய்த் துணிகளைச் சுருட்டிப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு மூலையில் வைத்தால் வீடு அழுக்காகாது என்று கட்டுரையின் கடைசிப் பத்தி யோசனை சொல்கிறது. தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். ஆளிவிதை எண்ணெய், கடையில் லின்சீட் ஆயில் என்று கேட்டு வாங்குவது, தண்ணீரைப் போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு இறுகுகிறது. இறுகும்போது சூடு கிளம்பும். கேன்வாஸில் மெல்லிய பூச்சாக இருக்கிறவரை அந்தச் சூடு காற்றோடு போய்விடும், நமக்குத் தெரியாது. கசக்கிச் சுருட்டிய துணிக்குள் அது வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், தீக்குச்சி கிழிக்காமலே துணி பற்றிக்கொள்ளும். நான் ஷாப்பில் சேர்ந்த முதல் நாள் மேஸ்திரி எனக்குக் காட்டியது பெயின்ட் அல்ல. தண்ணீர் ஊற்றி மூடி போட்ட, கழிவுத் துணிக்கான இரும்பு டின். வீட்டிலும் அதுவே போதும். இல்லாவிட்டால் துணியை வெளியில் ஒற்றையாக விரித்துப் போட்டு, விறைத்துப்போன பிறகு குப்பையில் போடலாம். சித்திரை வெயிலில் கதவைப் பூட்டிவிட்டுப் பத்து நாள் ஊருக்குப் போகிற வீடுகள் சென்னையில் எத்தனை! இதற்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். தவறே கிடையாது என்று கட்டம் கட்டிய பக்கத்திலேயே வீட்டைக் கொளுத்துகிற தவறு.

இனி என் கதை. நானும் உங்கள் கட்டுரை சொன்ன வழியில்தான் தொடங்கினேன். ஓய்வு பெற்ற இரண்டாம் மாதம் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். எந்த வகுப்பு, எந்தத் தெரு என்பதெல்லாம் வேண்டாம். இப்படிப்பட்டவை நகரில் நிறைய இருக்கின்றன. 15 நாளில் ஆயில் பெயின்டிங், கட்டணம் 12,000 ரூபாய், ஓவியம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. முதல் நாளே கேன்வாஸ் கொடுத்தார்கள். விளக்கை அணைத்து, புரொஜெக்டரில் ஒரு புகைப்படத்தை அதன் மேல் பாய்ச்சினார்கள். ஓடுகிற ஏழு குதிரைகள். வாஸ்துவுக்கு எல்லா வீட்டிலும் மாட்டுகிறார்களே, அதேதான். வெளிச்சத்தின் ஓரமாகவே பென்சிலை ஓட்டச் சொன்னார்கள். பிறகு எந்த இடத்தில் எந்த டியூப் என்று ஒரு தாள். கண், மூக்கு, பிடரி மயிர், குளம்படித் தூசி எல்லாம் கடைசி நாளில் வகுப்பு நடத்துகிறவரே வந்து ஆளுக்கு இருபது நிமிடம் போட்டுக்கொடுத்தார். கீழே வலது மூலையில் கையெழுத்து மட்டும் நான். அது முழுக்க என் சொந்த உழைப்பு.

வீட்டுக் கூடத்தில் மாட்டினேன். வந்தவர்கள் எல்லோரும் வியந்தார்கள். ஷாப்பில் என்னோடு பட்டி பார்த்த கூட்டாளி ஒருவன் மட்டும் வெகு நேரம் பார்த்தான். பிறகு கையிலிருந்த டீ கிளாஸை மேஜையில் வைத்து, "குதிரை பிரமாதம். இந்த கிளாஸை வரை, பார்ப்போம்" என்றான். கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை. மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில் வரைந்தேன். ஏழு குதிரை வரைந்த கைக்கு ஒரு கிளாஸ் வரவில்லை. வாய் எலுமிச்சம்பழம் மாதிரி இருபக்கமும் கூராக இருந்தது, அடி அரிவாள்மணைப் பலகை மாதிரி நேர்க்கோடாக இருந்தது. அவன் ஒன்றும் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

அதன் பிறகுதான் அயனாவரத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிற, ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டரைத் தேடிப் போனேன். வயது எண்பதை நெருங்குகிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கிற ஓவியக் கல்லூரியில், கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக இருந்த கடைசிக் காலத்தில் படித்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பூசணிக்காயும் பூந்தொட்டியும் சொல்லிக்கொடுத்தே பணிக்காலத்தைக் கழித்தவர். பணம் வாங்க மாட்டேன் என்றார். அவர் வீட்டு இரும்பு கேட்டைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, இரண்டு கோட் எனாமல் போட்டுக்கொடுத்தேன். அதுதான் கட்டணம்.

என் குதிரைகளைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. மேஜையில் ஒரு டீ கிளாஸை வைத்தார். (கூட்டாளி போய்ச் சொல்லிவைத்தானோ என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு.) ஐந்து வாரம் டீ கிளாஸ்தான். 140 கிளாஸ் வரைந்திருக்கிறேன், நோட்டு இருக்கிறது. முதல் படத்தைப் பார்த்து, "இது கிளாஸ் இல்லையப்பா, கிளாஸின் ஜாதகம்" என்றார். கிளாஸைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிவைத்திருந்தேனாம். அது மேஜையில் தட்டையாக உட்கார்கிறது என்று தெரியும், அதனால் அடியில் நேர்க்கோடு. வாய் வட்டம் என்று தெரியும், அதனால் வேண்டியதைவிட அகலமான வாய். கண் சொன்னதை ஒன்றும் எழுதவில்லை.

அந்த கிளாஸில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். வட்டமான வாயைச் சாய்வாகப் பார்த்தால் நீள்வட்டம். அதன் இரு முனைகள் எவ்வளவு ஒடுங்கினாலும் கூராகாது, உருண்டுதான் திரும்பும். வாயைவிட அடி நம் கண்மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருப்பதால் அடியின் வளைவு வாயின் வளைவைவிட உப்பலாக இருக்கும். உள்ளே டீ பாதி இருந்தால் அதன் மட்டம் மூன்றாவது நீள்வட்டம், இரண்டுக்கும் நடுத்தரமான உப்பல். கிளாஸைத் தூக்கி அலமாரி மேல் கண்ணுக்கு நேராக வைத்தால் வாய் ஒரே கோடாகிவிடும். அதற்கும் மேலே தூக்கினால் வளைவு தலைகீழாகத் திரும்பும். மாஸ்டர் அதைத் தரையில் வைப்பார், முக்காலியில் வைப்பார், அலமாரியில் வைப்பார். நான் பென்சிலைப் பிடித்துக் கையை முழங்கை மடங்காமல் நீட்டி, ஒரு கண்ணை மூடி, உயரத்தில் அகலம் எத்தனை பங்கு என்று அளப்பேன். இதைத் தெருமுனை டீக்கடையிலும் பழகினேன். எதிர்ப் பெஞ்சில் இருந்தவர் தன்னைத்தான் குறிபார்க்கிறேன் என்று இடம் மாறி உட்கார்ந்தார். கடைக்காரர் மூன்றாம் நாள், "டீ ஆறிப் பாலாடை கட்டிவிட்டது, வேறு தரட்டுமா?" என்று கேட்டார். ஆடை கட்டினால் மட்டம் நன்றாகத் தெரிகிறது, வேண்டாம் என்றேன்.

இதிலெல்லாம் சரி எது, தவறு எது என்று கிளாஸே சொல்லிவிடுகிறது, ஐயா. மாஸ்டர் வாயைத் திறக்க வேண்டியதில்லை. 86-வது கிளாஸில் அடி வளைவு சரியாக விழுந்தபோது, கிளாஸ் தாளின் மேல் நின்றது. அதுவரை மிதந்துகொண்டிருந்தது. தவறே கிடையாது என்று யாராவது என்னைத் தட்டிக்கொடுத்திருந்தால் நான் இன்னமும் எலுமிச்சம்பழம்தான் போட்டுக்கொண்டிருப்பேன். வயதானவர்களுக்குக் குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னால் போதும் என்று நினைக்கிறீர்கள். 38 ஆண்டு, ஒரு கோட்டில் ஒரு சொட்டு வழிந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி அடிக்க வைத்த வேலையில் இருந்தவர்கள் நாங்கள்.

கிளாஸுக்குப் பிறகு வெள்ளைத் துணி மேல் வெள்ளை முட்டை, பக்கத்தில் ஒரே ஒரு விளக்கு. கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் இருட்டும் வெளிச்சமும் பிரியும். முட்டை வெள்ளை என்று தெரிந்த மூளை அதன் நிழல் பக்கத்தைக் கறுக்க விடாது. ஆனால் துணியிலிருந்து திரும்பி அடிக்கிற மங்கல் வெளிச்சம் நிழலின் ஓரத்தில் ஒரு பிறைபோல இருக்கும். அதையும் அளவுக்கு மீறி வெளுக்கச் செய்தால் முட்டை தகரமாகிவிடும். ஒன்பது நாள் ஆனது. அந்த முட்டையை என் மனைவி கையால் தொடவில்லை.

ஒரு நாள் மாஸ்டர் என்னை மெரினாவுக்கு அனுப்பினார். உழைப்பாளர் சிலையை வரைந்துவா என்றார். மாஸ்டர் படித்த அதே ஓவியக் கல்லூரிக்கு முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-ல் வைத்தது. நாலு பேர் சேர்ந்து பாறையைப் பெயர்க்கிறார்கள். நான் நடைபாதையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் ஒவ்வொருவருடைய தசையையும் முகத்தையும் நுணுக்கி நுணுக்கிப் போட்டேன். மாஸ்டர் பார்த்துவிட்டு, "உன் ஆட்கள் ஒன்றையும் தள்ளவில்லையே, பஸ்ஸுக்கு நிற்கிறார்கள்" என்றார். மறுநாள் போய் முகத்தை விட்டுவிட்டு, பின்னங்காலிலிருந்து தோள் வரைக்கும் பாரம் ஏறுகிற சாய்வை மட்டும் ஒவ்வொரு கோடாகப் பிடித்தேன். பாரம் தள்ளுவது எனக்குத் தெரியும். ஷாப்பில் சக்கரம் மாட்டாத சட்டகங்களைத் தள்ளியிருக்கிறோம். தெரிந்த வேலையைக்கூட முகத்தைப் பார்த்து மறந்துவிட்டேன்.

எட்டு மாதம் கழித்துத்தான் எண்ணெய் வண்ணத்துக்கு விட்டார். அதுவும் முதலில் இரண்டே டியூப்: பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பு, டைட்டானியம் வெள்ளை. நிறம் என்ற பேச்சே இல்லை, இருட்டும் வெளிச்சமும்தான். பிறகு யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சளும் அல்ட்ராமரைன் நீலமும் ஒரு சிவப்பும் சேர்ந்தன. கறுப்பு வாங்காதே என்றார். அம்பரையும் அல்ட்ராமரைனையும் குழைத்தால் எந்தக் கறுப்பையும்விட உயிரான கறுப்பு வரும். உங்கள் கட்டுரை 24 வண்ணப் பெட்டி வாங்கச் சொல்கிறது. அந்தக் காசுக்கு நல்ல பிரஷ் நாலு வாங்கலாம்.

இந்தக் கட்டத்தில் எனக்குத் தலைக்கனம் வந்தது. பெயின்ட்தானே, இதில் எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்? பித்தளைச் சொம்பு ஒன்றைத் தனியாக வரைய ஆரம்பித்தேன். மாஸ்டர் பேச்சைக் கேட்காமல் ஐவரி பிளாக் வாங்கி, பின்னணிக்கு அதை நிறைய எண்ணெய் விட்டுக் கொழுகொழுவென்று பூசினேன். இரண்டு நாள் கழித்து அதன் மேலேயே டர்பன்டைனில் கரைத்த அம்பரை மெல்லியதாக அடித்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நாலாம் மாதம் சொம்பின் பின்னால் கோடை காலத்து ஏரிப் படுகை மாதிரி வெடிப்பு ஓடியது. ஐவரி பிளாக் மெல்ல உலரும் வண்ணம். அம்பரில் மாங்கனீசு இருப்பதால் விரைவில் இறுகிவிடும். கீழே இன்னும் நெகிழ்ந்து அசைந்துகொண்டிருக்க, மேலே விறைத்தது வேறு என்ன செய்யும்? கீழ்ப்பூச்சு டர்பன்டைனோடு மெலிவாக, மேலே போகப் போக எண்ணெய் கூடுதலாக. ஆயில் பெயின்டிங்கின் முதல் விதி இது. பிரைமர், பட்டி, சர்ஃபேசர், மேல்கோட் என்று அடுக்கு தவறாமல் அடித்துச் சம்பளம் வாங்கியவன், அடியில் ஈரம் இருக்க மேலே அடிக்காதே என்று எத்தனையோ பயிற்சிப் பையன்களைத் திட்டியவன், அதே தவறைச் செய்தேன். கேன்வாஸ் என்றதும் கலை என்று நினைத்துவிட்டேன். பெயின்ட் என்பது மறந்துபோனது. அந்தப் படத்தைப் படுக்கையறையில் என் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டியிருக்கிறேன்.

இன்னொன்று சென்னைக்காரர்களுக்காக. ஐப்பசி மழையில் ஈரம் படக்கூடாது என்று ஒரு படத்தை உங்கள் பத்திரிகையிலேயே சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். தையில் எடுத்தால் வெள்ளையெல்லாம் பழைய தந்தம் மாதிரி மஞ்சள். பதறிப்போனேன். மாஸ்டர் சிரித்துவிட்டு ஜன்னலோரம் வெளிச்சத்தில் வைக்கச் சொன்னார். இருட்டில் வைத்தால் ஆளிவிதை எண்ணெய் மஞ்சளாகும், வெளிச்சம் கண்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும். இரண்டு வாரத்தில் தெளிந்தது. பின்பக்கம் பூத்திருந்த பூஞ்சணத்தைத்தான் துடைத்தெடுக்க வேண்டியிருந்தது. காற்றோட்டம் வேண்டும், மூட்டை கட்டக்கூடாது.

கற்றுக்கொள்ள வகுப்புதான் வேண்டும் என்பதில்லை. 1868-ல் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர், ரவிவர்மாவுக்கு மனமுவந்து சொல்லித்தரவில்லை. தான் வரையும்போது நின்று பார்க்க மட்டும் விட்டார் என்பார்கள். ஐந்தே ஆண்டில், 1873-ல், நம் சென்னைக் கண்காட்சியில் ரவிவர்மாவுக்குத் தங்கப் பதக்கம். மாஸ்டர் இதை என்னிடம் சொன்னது ரவிவர்மாவைப் புகழ அல்ல, எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு என்னைத் துரத்த. அங்கே ரவிவர்மாவின் அசல் எண்ணெய் ஓவியங்களின் முன்னால் போய் நின்றேன். காலண்டரில் நூறு முறை பார்த்த மாதிரி இல்லை. எட்டி நின்றால் சரிகைக்கரை மின்னுகிறது. கிட்டே போனால் சரிகையே இல்லை. மங்கிய மஞ்சள் பட்டை ஒன்று, அதன் மேல் வெளிச்சம் விழும் மடிப்பில் மட்டும் தடித்த வெளிர்ப் புள்ளிகள். ஏழெட்டு முறை முன்னும் பின்னும் நடந்தேன். காவலர் என்னையே பார்த்தார். புகைப்படத்தில் அந்தத் தடிப்பு தெரியாது. புரொஜெக்டரில் தெரியவே தெரியாது.

பள்ளிகளிலிருந்து ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர்கள் சென்னையின் ஒவ்வொரு பேட்டையிலும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாநகராட்சிப் பள்ளி வகுப்பறைகள் சும்மாதான் இருக்கின்றன. ஓர் அறை, ஒரு ஜன்னல், ஒரு மேஜை, ஒரு டீ கிளாஸ் போதும். உங்கள் நிருபர் ஒருவர் இதை மாநகராட்சியில் கேட்டு எழுதினால் நன்றாக இருக்கும். கட்டம் கட்டிய அந்த வரிக்கும் துணி மூட்டைக்கும் திருத்தம் போடுவதுதான் அதைவிட முக்கியம்.

ஏழு குதிரைகளைக் கூடத்திலிருந்து கழற்ற மனைவி சம்மதிக்கவில்லை. அது வந்த பிறகுதான் மகனுக்கு வேலை நிலைத்தது என்பது அவள் கணக்கு. சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். போன மாதம் ஒரு மத்தியானம் அவள் தூங்கும்போது முக்காலி போட்டு ஏறி, மூலையில் இருந்த என் கையெழுத்தை மட்டும் அம்பர் கொஞ்சம், வெள்ளை கொஞ்சம் குழைத்து மண் நிறத்தில் மூடிவிட்டேன். பூச்சு பிசிறில்லாமல் சேர்ந்திருக்கிறது. அவளுக்கு இன்னும் தெரியாது. இந்தக் கடிதத்தை வெளியிட்டால் தெரிந்துவிடும். பரவாயில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ரயில்பெட்டி பெயின்டர்,
அயனாவரம், சென்னை.